பாலத்தில் பின்பக்கமாக ஏறிய கார்

குடித்திருந்தான் என்று சொல்வதை முதலில் நிறுத்துங்கள். யார் மோந்து பார்த்தது? பாலத்தின் மேல் காரைப் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போனான், அது உண்மை. கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், இல்லையென்று யாரும் சாதிக்கவில்லை. ஆனால் ஏன் அப்படிப் போனான் என்று ஒருவராவது கேட்டீர்களா? கேட்கமாட்டீர்கள். கேட்டால் பேச்சு சப்பென்று போய்விடும்.

இன்னொன்றும் பேசுகிறார்கள். வீடு அக்கா பெயரில் இருந்ததாம், அவள் போனால் அவனுக்கு வருமாம், அதனால்தான் ஓட்டைக் காரில் வைத்து இழுத்தடித்தானாம். இதைக் கிளப்பிவிட்டது அந்த வீட்டு மாடியில் குடியிருந்த அம்மாள்தான் என்பதும் ஊருக்குத் தெரியும். சரி, வீட்டுக்கு ஆசைப்பட்டவன் அந்த வீட்டைத் திறந்தபடி விட்டுவிட்டு வாசலைத் தாண்டி ஏன் போனான்? இதற்கு ஒரு பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும்.

அவன் சலவைக்கடை வைத்திருந்தான். முன்னறையில் துவைக்கிற இயந்திரங்கள், ஜன்னலை ஒட்டித் தேய்க்கிற மேசை. நடுவறையில் கூரை வரைக்கும் கம்பி, அதில் உறை போட்ட சட்டைகளும் கோட்டுகளும் தொங்கும். பின்னறையில் அக்காவின் கட்டில். எந்த நேரம் போனாலும் அந்த வீட்டில் சூடான துணியின் வாசனைதான் அடிக்கும்.

சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவனுக்கு இடது கால் சூம்பிப்போனது. அக்காதான் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். என் இடுப்பு ஒருபக்கம் சாய்ந்ததே உன்னைச் சுமந்துதான், அதற்கு வாடகை கொடு என்று கடைசிவரை கிண்டல் செய்வாள். புருஷன் செத்த பிறகு அந்த வீட்டில் தம்பியைக் கூட்டிவைத்துக்கொண்டு கடை போட்டுக் கொடுத்தவளும் அவள்தான். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்கும் ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். போகட்டும்.

அவனிடம் ஒரு கிறுக்கு இருந்தது, அதை மறைப்பானேன். அழுக்கைக் கண்டால் ஆகாது. எதிரே நின்று நீங்கள் பேசிக்கொண்டிருப்பீர்கள், அவன் கண் உங்கள் காலரில் இருக்கும். ஒரு தடவை துக்கம் விசாரிக்கப் போன இடத்தில், செத்தவர் மேல் போர்த்தியிருந்த துணியில் மைக்கறையைப் பார்த்துவிட்டான். இதை உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்று மெல்லச் சொல்லி, அக்காவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அவன் துவைக்க மாட்டேன் என்று திருப்பிக் கொடுத்தது ஒரே ஒரு துணிதான். மாடிவீட்டம்மாள் தன் தாயாருடைய பழைய கம்பளிப் போர்வையைக் கொண்டுவந்து, வெளுத்துக் கொடு என்று நின்றாள். அவன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"அம்மா, இதைத் தண்ணியில போட்டா நூல் நூலா வந்துடும். இந்த அழுக்குதான் இதைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. அப்படியே மடிச்சு வைங்க."

சோம்பேறி, வேலைக்குச் சாக்குச் சொல்கிறான் என்று அவள் படியேறும்போதே முணுமுணுத்தாள்.

பிறகு அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரத்துக்கு மூன்று முறை ஆஸ்பத்திரிக்குப் போய் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். ஆஸ்பத்திரி ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். நடுவில் அந்தப் பாலம். முதலில் வாடகைக் காரில்தான் போனார்கள். திரும்பி வரும்போது அவளுக்குக் குமட்டும். ஒருநாள் அடக்க முடியாமல் பின் சீட்டிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். டிரைவர் பாதி வழியில் நிறுத்தி, இறங்குங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். கொளுத்துகிற வெயிலில், கையில் ஊசி குத்திய கட்டோடு, நடைபாதைக் கல்லில் அக்கா உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மேல்துணியில் வாந்திக் கறை. அவன் தன் சட்டையைக் கழற்றி அவள் மேல் போர்த்தினான். இனிமேல் அவள் அடுத்தவன் வண்டியில் ஏறமாட்டாள் என்று அன்றைக்கு முடிவு செய்தான். கஞ்சத்தனத்தில் ஓட்டைக் கார் வாங்கினான் என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்ளட்டும்.

இடது கால் சூம்பினவன் கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால் ஆட்டோமேட்டிக் கார்தான் வேண்டும். கையில் இருந்ததற்குக் கிடைத்தது ஒரு பழைய கார். பெயிண்ட் உதிர்ந்திருந்தது, கதவைத் தூக்கிப் பிடித்துத்தான் சாத்த வேண்டும், ஆனால் ஓடியது. அதைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டு அக்காவிடம் சொன்னான்.

"அதுக்கு ஒரு பெடல் கம்மி. எனக்கு ஒரு கால் கம்மி. சம்பந்தம் நல்லா அமைஞ்சிருக்கு."

பின் சீட்டில் வெள்ளை விரிப்பு போட்டு, ஒரு தலையணை வைத்தான். ஒவ்வொரு முறை போய்வந்ததும் தலையணை உறையை உருவித் துவைத்து, தேய்த்து, மறுபடி போடுவான். எந்த ராணிக்கு அப்படி நடந்தது?

ஆஸ்பத்திரியில் கண்ணாடிச் சுவருக்கு வெளியே உட்கார்ந்து அந்த இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு குழாயில் ரத்தம் வெளியே போகும், இன்னொன்றில் உள்ளே வரும். முகம் ஊதி, மூச்சு இரைத்துக்கொண்டு உள்ளே போகிறவளுக்கு, வெளியே வரும்போது களைத்திருந்தாலும் மூச்சு சீராக இருக்கும், கால் வீக்கம் வடிந்திருக்கும். என்னதான் செய்கிறது இந்த இயந்திரம் என்று நர்சிடம் கேட்டான். ரத்தத்தில் சேர்ந்த அழுக்கை எடுக்கிறது, அவ்வளவுதான் என்றாள் அவள். அவனுக்கு ஒரே பூரிப்பு. வருகிற வழியெல்லாம், அக்கா, இது நம் தொழில்தான் என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

"ஆமா," என்றாள் அக்கா பின் சீட்டிலிருந்து. "இஸ்திரி மட்டும் போட மாட்டேங்கிறாங்க."

அடுத்த கோடையில் கார் மக்கர் செய்ய ஆரம்பித்தது. காலையில் குளிர்ச்சியாக இருக்கும்போது ஒன்றும் தெரியாது. சூடேறிய பிறகு, எங்காவது நின்று கிளம்பும்போது, லீவரை முன்னால் போகிற 'டி'யில் போட்டால் உடனே நகராது. என்ஜின் உறுமும், வண்டி நிற்கும், அப்புறம் முதுகில் யாரோ தள்ளின மாதிரி ஒரு குலுக்கலோடு கிளம்பும். முதலில் கண்டுபிடித்தது அக்காதான்.

"டேய் தம்பி, உன் வண்டி யோசிக்குதுடா."

கியர்பாக்ஸ் வேலைக்கு அந்தப் பக்கத்தில் ஒரே ஆள் ஊமை மேஸ்திரி. ஊமையெல்லாம் இல்லை. வண்டியிடம் பேசுகிற அளவுக்கு மனிதர்களிடம் பேசமாட்டார், அதனால் வந்த பெயர். அவர் காரை ஒரு சுற்று ஓட்டிச் சூடேற்றிக்கொண்டு வந்தார். சமதரையில் நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டே ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தார். 'ஆர்' போட்டதும் கார் பின்னால் போகத் துடித்தது. 'டி' போட்டால் யோசித்தது. ஆக்ஸிலேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகிற கேபிளை இழுத்துப் பார்த்தார், அதில் குறையில்லை. எண்ணெய் பார்க்கிற கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். அளவும் சரியாக இருந்தது. ஆனால் மாதுளைச் சாறு மாதிரி இருக்க வேண்டிய எண்ணெய் கரியாக இருந்தது. மேஸ்திரி கம்பியை அவன் மூக்கருகே நீட்டினார். இஸ்திரிப்பெட்டியைத் துணியின் மேல் மறந்து வைத்தால் ஒரு வாசனை வருமே, அதே வாசனை.

"முன்னாடி போறதுக்கான பிளேட் தேஞ்சுபோச்சு," என்றார் மேஸ்திரி. "ரிவர்ஸுக்கு வேற பிளேட், அது நல்லாத்தான் இருக்கு. பாக்ஸை இறக்கிப் பிரிக்கணும்."

எவ்வளவு நாளாகும் என்று கேட்டான். பழைய மாடல், சாமான் தேடிப் பிடிக்க வேண்டும், மாதக்கணக்கில்கூட ஆகலாம் என்றார். அக்காவால் ஒரு முறைகூடத் தவறவிட முடியாது, மாதக்கணக்குக்கு எங்கே போவது? வாடகைக் கார் என்றதும் அவனுக்கு அந்த நடைபாதைக் கல்தான் கண்முன் வந்தது. பிரிக்காமல் ஓட்ட வழியில்லையா என்றான். சூடேறாமல் மெதுவாக ஓட்டு, சூடானால் நிறுத்தி ஆறவிடு என்று சொன்ன மேஸ்திரி, கடைசியாக ஒன்று சொன்னார்.

"எண்ணெயை மட்டும் தொடாதே. குறைஞ்சா ஊத்து. மாத்தாதே."

"ஏன் மேஸ்திரி? கரியா இருக்கே."

"தேஞ்ச பிளேட்டோட பொடியெல்லாம் அதுலதான் கிடக்கு. அந்த அழுக்குதான் இப்போ வழுக்காம பிடிச்சுக்கிட்டு இருக்கு."

அவன் சிரித்துவிட்டான். அதே வார்த்தையை அவனே மாடிவீட்டம்மாளிடம் சொல்லிப் போர்வையைத் திருப்பிக் கொடுத்திருக்கிறான் பாருங்கள், அது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை. துணிக்கு ஒரு நியாயம், இரும்புக்கு ஒரு நியாயம் என்று நினைத்தானோ என்னவோ.

கொஞ்ச நாள் மேஸ்திரி பேச்சைக் கேட்டான். ஆனால் கம்பியை உருவி உருவிப் பார்ப்பதை மட்டும் விட முடியவில்லை. துடைத்த துணியில் அந்தக் கரியைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு உடம்பு கூசும். ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால், அக்காவின் ரத்தம் குழாயில் போய் வருவது தெரியும். அழுக்கை எடுத்தால் அவளுக்கு மூச்சு வருகிறது. காருக்கு மட்டும் அழுக்கு இருந்தால்தான் நல்லது என்றால் எப்படி ஒத்துக்கொள்வான்? தொழில் அவன் தலைக்குள் உட்கார்ந்துகொண்டு பேசியது.

கடை விடுமுறை நாளில் முன் சக்கரங்களைப் பலகை மேல் ஏற்றி, அடியில் படுத்துவிட்டான். ஏனோதானோ என்று செய்தான் என்று நினைக்காதீர்கள். எண்ணெயை வடித்து, அடித்தட்டைக் கழற்றி, அதில் சேறு மாதிரி படிந்திருந்ததையெல்லாம் மண்ணெண்ணெயில் கழுவிப் பளபளவென்று ஆக்கினான். புது ஃபில்டர் போட்டான். சரியான எண்ணெயைக் கேட்டு வாங்கிவந்து ஊற்றி, ஓடவிட்டு, அதையும் வடித்து, மறுபடி புதிது ஊற்றினான், கம்பியில் சிவப்பு தெரிகிறவரைக்கும். அளவு பார்த்ததும் என்ஜின் ஓடும்போதுதான். வேலையில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அந்த வேலையைச் செய்ததுதான் குற்றம்.

கம்பியை அப்படியே ஏந்திக்கொண்டு பின்னறைக்கு ஓடினான், அவனுடைய ஓட்டம் என்ன ஓட்டமோ அப்படி.

"அக்கா, பார். உனக்கு வாரத்துக்கு மூணு தடவை. இவளுக்கு இதுதான் முதல் தடவை."

அக்கா அந்தச் சிவப்பைப் பார்த்தாள்.

"எனக்குத்தான் சுத்தம் பண்றாங்க. அதுக்காக நான் புதுசாயிட்டேனாடா?"

அவன் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டான்.

முதல் சில நாள் கார் வெண்ணெய் மாதிரி போனது. லீவர் போட்டதும் நகர்ந்தது. ஊமை மேஸ்திரியின் பட்டறை வழியாகவே போய், நிறுத்தி, விஷயத்தைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டான். மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். எல்லாத்தையும் மாத்திட்டியா என்று மட்டும் கேட்டுவிட்டு வேறொரு காரின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். பொறாமை என்று நினைத்தான்.

பிறகு காருக்கு அந்த யோசனை மறுபடி வந்தது. முன்பு சூடானால் மட்டும் வந்தது, இப்போது குளிர்ச்சியிலேயே வந்தது. சாமானுக்குச் சொல்லி வையுங்கள், பாக்ஸைப் பிரித்துவிடலாம் என்று மேஸ்திரியிடம் சொல்ல அந்த வாரம் போவதாக இருந்தான். அந்த வாரம்தான் அது நடந்தது.

வெயில் தீயாகக் காய்ந்தது. அக்காவுக்குத் தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும். அவன் கடையில் இருந்த நேரம் பார்த்து, தாகம் தாங்காமல் அவளே எழுந்து போய்க் குடித்துவிட்டாள். காலையில் முகமும் காலும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டியது. அவன் திட்டவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் இயந்திரத்தில் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லி, தூக்கி வைக்காத குறையாகப் பின் சீட்டில் ஏற்றினான்.

பாலத்து ஏற்றத்தில் பாதி தூரம் போனதும் என்ஜின் உறுமியது. கார் நின்றுவிட்டது. நின்றதோடு இல்லை, மெல்லப் பின்னால் சரிந்தது. கீழ் கியரில் போட்டான், உறுமல்தான் மிச்சம். பின்னால் ஹார்ன் சத்தம் காதைப் பிளந்தது. பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்துக் கீழே அடிவாரத்துக்கு இறக்கினான். ஆறட்டும் என்று நிறுத்தினான். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால், ஆம்புலன்ஸ் வெளியே போயிருக்கிறது, வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள். வாடகைக் கார் ஒன்றைக் கை காட்டி நிறுத்தினான். அடுத்தவன் வண்டி வேண்டாம் என்ற வைராக்கியத்தை அந்த இடத்திலேயே போட்டு மிதித்துவிட்டுத்தான் கை காட்டினான், அதையும் சொல்லுங்கள். அந்த டிரைவர் குனிந்து பின் சீட்டைப் பார்த்தான். அக்கா மூச்சுக்கு வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். தன் வண்டியில் உயிர் போனால் வம்பு என்று நினைத்தானோ என்னவோ, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

மறுபடி 'டி' போட்டான். ஒன்றுமில்லை. அப்போதுதான் மேஸ்திரி சொன்னது ஞாபகம் வந்தது. ரிவர்ஸுக்கு வேறு பிளேட். 'ஆர்' போட்டான். கார் சட்டென்று பிடித்துக்கொண்டது.

டயர் கடைக்கு முன்னால் அகலமாக இடம் இருந்தது. அதில் காரைப் பின்பக்கமாகவே ஒரு வட்டமடித்து, அதன் முதுகைப் பாலத்தின் பக்கம் திருப்பினான். ஓரமாகப் பிடித்து, பின்பக்கமாகவே ஏறினான். சிரித்தார்கள், கத்தினார்கள், ஒருவன் படம்கூடப் பிடித்தான். குடிகாரன் என்று உங்களுக்குத் தெரிந்தது அதுதான்.

உங்களுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. பின்பக்கமாக ஓட்டுகிறவன் முன்னால் பார்க்க முடியாது. உடம்பைத் திருப்பி, ஒரு கையைப் பக்கத்து சீட்டில் போட்டு, பின் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். அத்தனை நாளும் அவளைக் கண்ணாடியில் கீற்றாகப் பார்த்தே ஓட்டினவனுக்கு, அன்றைக்கு வழியெல்லாம் அக்காவின் முகம் எதிரிலேயே இருந்தது. அவள் காதுக்குப் பக்கத்தில் தெரிந்த சாலையைப் பார்த்து ஓட்டினான்.

பாலத்து உச்சியில் அவள் பேசினாள்.

"எல்லாம் என்னை விட்டுட்டு ஓடுது பாருடா."

"பேசாதே அக்கா. மூச்சைப் பிடிச்சுக்கோ. வந்தாச்சு."

"கழுத்து வலிக்கப்போகுதுடா உனக்கு."

இறக்கத்தில் அவள் தலை தலையணையில் ஒருபக்கமாகச் சாய்ந்தது. வாய் திறந்தபடி நின்றது, மூடவில்லை. அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பின்பக்கமாகவே ஓட்டினான், அவள் காதுக்குப் பக்கத்தில் சாலையைப் பார்த்துக்கொண்டு. உள்ளே தூக்கிப்போய் நெஞ்சை அமுக்கிப் பார்த்தார்கள். இயந்திரத்தில் போடவேண்டிய தேவையே வரவில்லை.

அதன் பிறகு அவன் கடையைத் திறந்தான், துவைத்தான், தேய்த்தான். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தப் பேச்செல்லாம் வந்திருக்காது, அது அவன் தப்புத்தான். வீட்டுக்காகச் செய்தான் என்ற பேச்சு மாடிப்படியில் இறங்கித் தெருவுக்கு வந்துவிட்டது, அவன் காதிலும் விழுந்தது.

ஒருநாள் மாடிவீட்டம்மாள் அந்தப் பழைய போர்வையை மறுபடி கொண்டுவந்தாள். இப்போதாவது வெளுத்துத் தா, உனக்கு வேறு வேலை என்ன இருக்கிறது என்றாள். அவன் போர்வையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். பிடித்தவன் பிடித்தபடியே நின்றான். அவளுக்கே பயமாகிவிட்டது, கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனாள்.

அன்றைக்கே கடையைச் சாத்திவிட்டு ஊமை மேஸ்திரியிடம் போனான்.

"எண்ணெய் மாத்தாம இருந்தா, அன்னைக்குப் பாலம் ஏறியிருக்குமா மேஸ்திரி?"

மேஸ்திரிக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. வந்திருந்தால் புண்ணியமாய்ப் போயிருக்கும்.

"இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும்."

அவன் தலையாட்டினான். வேறெதுவும் கேட்கவில்லை என்று மேஸ்திரியே சொன்னார், அவர் பேசினதிலேயே பெரிய பேச்சு அதுதான்.

மறுநாள் கடையில் இருந்த எல்லாத் துணிகளையும் தேய்த்து, உறை போட்டு, கம்பியில் மாட்டினான். ஒருவருடைய சட்டையையும் பாக்கி வைக்கவில்லை. இயந்திரங்களைத் துடைத்துவைத்தான். வீட்டுச் சாவியையும் கார் சாவியையும் எடுத்துக்கொண்டு அந்தக் காலோடு மாடியேறி, மாடிவீட்டம்மாளிடமே கொடுத்தான். யாரிடம் கொடுத்தான் பாருங்கள். துணி கேட்டு வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுங்கள், கீழே வேண்டுமானால் நீங்கள் புழங்கிக்கொள்ளுங்கள் என்றான். எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று அவள் கேட்டதற்கு, போர்வையைத் தண்ணீரில் மட்டும் போடாதீர்கள் அம்மா என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

வாசலில் நின்ற காரின் பின்கதவைத் தூக்கிப் பிடித்துத் திறந்தான். அன்றைக்கு விரித்த விரிப்பு அப்படியே கிடந்தது. தலையணையிலிருந்து உறையை உருவினான். அக்காவின் தலை சாய்ந்த இடத்தில் வியர்வையும் எண்ணெயும் சேர்ந்து பழுப்பாக ஒரு கறை. அத்தனை நாளில் அந்த உறை ஒன்றுக்குத்தான் அவன் சோப்பு காட்டவில்லை. கறை உள்பக்கமாக வரும்படி மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

அழுக்குத் துணியைச் சுருட்டிக்கொண்டு போனான், பைத்தியம் பிடித்துவிட்டது என்று மாடிவீட்டம்மாள் சொல்கிறாளே, அதில் பாதி உண்மை. அழுக்குத் துணிதான். வீட்டுக் கதவையும் கார் கதவையும் சாத்தாமல், திரும்பிப் பார்க்காமல், இடது காலை இழுத்துக்கொண்டு அவன் தெருவில் இறங்கி நடந்தான்.